குரோம் தோலும் பம்ப் செட்டும்: பாலாற்றுக் கரையின் குடிநீர்க் கதையில் சர் ஆல்ஃபிரட் சாட்டர்டனுக்கு என்ன இடம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். போர் தண்ணியா, காவிரித் தண்ணியா, கேன் தண்ணியா? போர் தண்ணி என்றால் குடிக்கலாமா, இல்ல குளிக்க மட்டும்தானா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு தொழில்நுட்பங்கள் இருக்கின்றன. ஒன்று, குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறை. இன்னொன்று, நிலத்தடி நீரை இயந்திரத்தால் மேலே இழுக்கும் பம்ப். இந்த இரண்டையும் அன்றைய சென்னை மாகாணத்தில் அரசு செலவில் சோதித்து, ஊர் ஊராகப் பரப்ப முயன்றவர் ஒரே ஆள்தான். பெயர் சர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். நூறு வருடங்களுக்கு முன்பு சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சி என்று பேச்செடுத்தாலே வந்து நிற்கும் பெயர் அது.

யார் இந்த சாட்டர்டன்?

1866-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பொறியியல் படித்துவிட்டு 1888-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். இன்று கிண்டியில் இருக்கும் அதே கல்லூரிதான், அப்போது சேப்பாக்கத்தில் இயங்கியது. பாடம் நடத்திவிட்டு ஓய்வூதியத்தோடு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அவரது கவனம் வகுப்பறைக்கு வெளியே போனது. மாகாணத்தின் கைத்தொழில்கள் ஒன்றன் பின் ஒன்றாக நசிந்துகொண்டிருந்த காலம் அது. இறக்குமதிச் சரக்கோடு போட்டி போட முடியாமல் நெசவாளர், கன்னார், தோல் பதனிடுபவர் எல்லோரும் திணறிக்கொண்டிருந்தார்கள்.

சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பு அவருக்கு வந்தது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று நாம் சொல்வது அதைத்தான். அங்கே 1898-ல் அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பித்தளை, செம்புப் பாத்திரம் அடித்துப் பழகிய கைகளிடமே புது உலோகத்தைக் கொடுத்தார். முயற்சி பிடித்துக்கொண்டது. சில வருடங்களில் அந்தத் தொழில் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. நம் வீட்டு அலுமினியக் குண்டானுக்கு இந்தியாவில் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று சென்னையின் இந்தப் பள்ளிதான்.

கவலைச் சாலுக்காக ஒரு தோல்

அடுத்து 1903-ல் அவர் கையில் எடுத்தது தோல்.

அதுவரை தமிழ்நாட்டில் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையில். பட்டையின் துவர்ப்புச் சாறு தோலுக்குள் மெல்ல ஏறி, அழுகாமல் காப்பாற்றும். வாரக்கணக்கில் ஆகும் வேலை. இதற்கிடையே அமெரிக்காவில் 1880-கள், 1890-களில் குரோமிய உப்பைக் கொண்டு வேகமாகப் பதனிடும் முறை வந்துவிட்டது. விளைவு நேராகச் சென்னையைத் தாக்கியது. பதனிட்ட ஆட்டுத்தோலை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள், பச்சைத் தோலாகவே அனுப்புங்கள், நாங்கள் பதனிட்டுக்கொள்கிறோம் என்ற நிலைக்கு மாறினார்கள். இங்கே இருந்த வேலை அங்கே போனது.

சாட்டர்டனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது தண்ணீர். அந்தக் காலத்தில் கிணற்றுப் பாசனம் என்றால் கவலை இறைப்பது. மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, கிணற்றிலிருந்து தோலால் ஆன சால் தண்ணீரோடு மேலே வரும். பட்டையில் பதனிட்ட தோல் எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் துவர்ப்பு கரைந்து சீக்கிரம் இற்றுப்போகும். குரோமில் பதனிட்ட தோலோ தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும். குரோம் தோலில் சால் செய்தால் விவசாயிக்குச் செலவு குறையும் என்பது அவர் கணக்கு. அதனால் கலைப் பள்ளியின் குரோம் தோல் சாலுக்கும் செருப்புக்கும் போனது.

இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பின்னாளில் கிணறுகளைக் கெடுத்ததாக நீதிமன்றம் வரை போன ஒரு தொழில்நுட்பம், இந்த மாகாணத்துக்கு வந்த காரணங்களில் ஒன்று, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதை எளிதாக்குவது.

மாட்டுக்குப் பதில் இன்ஜின்

கிட்டத்தட்ட அதே வருடங்களில், சாலே தேவைப்படாத ஒரு வழியையும் அவர் சோதித்தார். எண்ணெயில் ஓடும் இன்ஜினைக் கிணற்றோடு பம்ப் வைத்து இணைப்பது. மாடு நாள் முழுக்க இறைப்பதை இன்ஜின் சில மணி நேரத்தில் இறைத்தது. எந்தக் கிணற்றில் எவ்வளவு ஊற்று, எவ்வளவு ஆழம், ஒரு ஏக்கருக்கு இறைப்புச் செலவு எவ்வளவு என்று எண்களாக எழுதி, விவசாயிகளிடமும் அரசிடமும் காட்டினார். பம்ப் வாங்க அரசுக் கடன் கிடைத்தது. கிணற்றுக்குள் துளை போட்டு ஊற்றைக் கூட்டும் வேலையும் இதோடு சேர்ந்து நடந்தது. இந்த அனுபவத்தை வைத்து இறைவைப் பாசனம் பற்றித் தனி நூலே எழுதினார்.

பருவமழை பொய்த்தால் பஞ்சம் என்று இருந்த மண்ணில் இது சாதாரண விஷயமில்லை. பஞ்சத்தில் சனங்கள் சாவதைக் கண்ட ஒரு மாகாணத்துக்கு, காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கு, எடுக்கவும் முடியும் என்று காட்டினார் அவர்.

அரசே ஏன் தோல் ஷாப் நடத்தணும்?

சாட்டர்டனின் வாழ்க்கையில் பெரிய சண்டை இந்தக் கேள்வியால்தான் வந்தது. சோதனை என்று தொடங்கிய குரோம் பதனிடும் கூடம், வளர்ந்து ஒரு தொழிற்சாலையாகவே ஆகிவிட்டது. சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் கொதித்தார்கள். மக்கள் வரிப்பணத்தில் அரசு எங்களோடு போட்டி போடுவதா என்பது அவர்கள் வாதம். லண்டனில் இந்திய விவகார அமைச்சராக இருந்த மார்லி பிரபு 1910-ல் அவர்கள் பக்கம் சாய்ந்தார். அரசு தொழில் கற்றுக்கொடுக்கலாம், வணிகம் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. குரோம் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது.

இந்தச் சண்டை முழுக்க லாபம் யாருக்கு, முதலீடு யாருடையது என்பதைப் பற்றியே நடந்தது. தோலை ஊறவைத்த தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. அன்று தொழிற்சாலையும் சிறியது, கழிவும் கொஞ்சம்தான்.

மனம் நொந்தவர் 1912-ல் மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில்துறை இயக்குநராகப் போனார். மைசூரின் புகழ்பெற்ற சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1916 முதல் 1918 வரை இயங்கிய இந்தியத் தொழில் ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். அந்த ஆணையம், தொழில் வளர்ச்சியில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று சொன்னது. அவர் தோற்ற வாதம் ஒரு வகையில் ஜெயித்தது. 1919-ல் சர் பட்டம். 1958-ல் இறந்தார்.

அப்போ குரோம் ஆம்பூருக்கு எப்படி வந்தது?

சாட்டர்டன் காலத்திலேயே வந்துவிடவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பட்டையிலும் பட்டைச் சாற்றிலும்தான் பெரும்பாலும் பதனிட்டன. பெரிய மாற்றம் 1970-களில் நடந்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்யாமல், முழுத் தோலாகவும் ஷூவாகவும் அனுப்பினால் அதிக அந்நியச் செலாவணி வரும் என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியது. வேகமாகவும் பெரிய அளவிலும் பதனிட வேண்டிய கட்டாயம் வந்ததும் குரோம் டிரம்கள் வரிசையாக நின்றன. வேலையும் வந்தது, குறிப்பாக ஷூ கம்பெனிகளில் பெண்களுக்கு.

கூடவே கழிவும் வந்தது. வழக்கமான முறையில் போடுகிற குரோமில் 60 சதவீதம் அளவுக்குத்தான் தோல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் தண்ணீரோடு வெளியே போகும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பைக் கழுவும் தண்ணீர் இன்னும் மோசம். அதைச் சுத்திகரிப்பது கஷ்டம், மண்ணுக்குள் இறங்கினால் கிணறு உப்பாகிவிடும்.

இந்தக் கோபத்தில் பிறந்ததுதான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதி செய்தது. டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் புதிய உத்தரவுகளைப் போட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட ஆலையின் கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், நெடுங்காலம் அங்கேயே குவிந்து கிடந்தது.

பம்பின் பக்கம் என்ன ஆச்சு?

எண்ணெய் இன்ஜின் போய் மின்மோட்டார் வந்தது. திறந்த கிணறு வற்ற, போர்வெல் வந்தது. மணல் அள்ளப்பட்ட பாலாற்றில் ஊற்று குறைய, துளை இன்னும் ஆழமாகப் போனது. இந்தப் பகுதியின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் பல காலமாகத் தேங்கிய தண்ணீரைத்தான் ஆழ்துளைக் கிணறு எடுக்கிறது.

இங்கேதான் டேனரிக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு விஷயம் நுழைகிறது: இயற்கைக் கதிரியக்கம். கருங்கல் வகைப் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் எப்போதும் உண்டு. தண்ணீரில் பைகார்பனேட் அதிகமிருந்தால் யுரேனியம் எளிதில் கரைந்து கலக்கும். உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் இதற்கு உதவும். யுரேனியம் சிதையும்போது ரேடியம், ரேடான் போன்றவை உருவாகும். ரேடான் வாயு என்பதால், தண்ணீரைக் காற்றுபடத் திறந்து வைத்தாலே பெரும்பகுதி வெளியேறிவிடும். யுரேனியம் போகாது.

கதிரியக்கம் என்றதும் பயந்துவிட வேண்டாம். குடிநீரில் உள்ள யுரேனியத்தைப் பொறுத்தவரை முதல் கவலை கதிர்வீச்சு அல்ல, சிறுநீரகம். கன உலோகமாக அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரத்திலும் இப்போது அதே அளவுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் 16 மாநிலங்களில் நிலத்தடி நீரில் யுரேனியம் கூடுதலாக இருந்த இடங்களைச் சுட்டியது. பாறையும் காரணம், அளவுக்கு மீறி நீர் உறிஞ்சுவதும் காரணம் என்றது.

சரி, நான் என்ன செய்யணும்?

முதலில், நாக்கை நம்பாதீங்க. உப்பு நாக்குக்குத் தெரியும். குடிநீர் வரம்பைக் கொஞ்சம் தாண்டிய குரோமியமும் யுரேனியமும் தெரியாது. ஆன்லைனில் வாங்கும் டிடிஎஸ் மீட்டரும் இவற்றைத் தனியாகக் காட்டாது. மொத்தமாகக் கரைந்த உப்பின் அளவைத்தான் அது மதிப்பிடும். ஆய்வகத்தில் கொடுக்கும்போது மொத்தக் குரோமியம் (வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்), யுரேனியம் (0.03 மில்லிகிராம்) இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்க. சாதாரணப் பரிசோதனைப் பட்டியலில் இவை இல்லாமலே போகலாம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் வற்றினால் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். நல்ல நிலையில் இருக்கும் ஆர்ஓ இயந்திரம் குரோமியம், யுரேனியம், உப்பு மூன்றையும் பெருமளவு குறைக்கும். நகராட்சி தரும் காவிரி நீர் கிடைத்தால் குடிக்க அதைப் பயன்படுத்தி, போர் தண்ணியை மற்ற வேலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஆர்ஓ இயந்திரத்தின் இன்னொரு குழாயையும் பாருங்க. அது பிரித்தெடுத்த உப்பும் உலோகமும் செறிவாகச் சேர்ந்த தண்ணீர் அதில்தான் வெளியேறுகிறது. வீட்டில் அது சில பக்கெட். கேன் தண்ணீர் ஆலையில் அது ஆயிரக்கணக்கான லிட்டர், பல இடங்களில் நேராகச் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகிறது. சாட்டர்டனின் காலத்தில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி, வேலூர்க்காரர்கள் 1991-ல் நீதிமன்றத்தில் கேட்ட கேள்வி, இப்போது ஒவ்வொரு தெருவின் கேன் தண்ணீர் ஆலைக்கும் பொருந்தும்: இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது?