ஓக் மரக்கிளை உணர்த்திய உண்மை

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் செரிஞான் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் கல்லும் முள்ளும் நிறைந்த தரிசு நிலம் ஒன்றை 1879ஆம் ஆண்டு ஓர் ஆசிரியர் விரும்பி வாங்கினார். பயிர் விளையாத அந்நிலம் பூச்சிகளின் புகலிடமாயிற்று. அந்த ஆசிரியரே பூச்சியியல் அறிஞர் ழான் ஹென்றி ஃபாபர்.

ஃபாபர் 1823ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்று ஆசிரியப் பயிற்சி முடித்தார். அவிஞோன் நகரில் பணியாற்றியபோது மாலை வகுப்புகளில் பெண்களுக்கும் அறிவியல் கற்பித்தார். அதற்கு எதிர்ப்பு எழவே பதவியைத் துறந்தார். நூல்கள் எழுதி வாழ்க்கை நடத்தினார்.

ஒரு மே மாத இரவில், அவர் வீட்டுக் கூண்டிலிருந்த பெண் அந்துப்பூச்சியைத் தேடி ஏறத்தாழ 40 ஆண் பூச்சிகள் பறந்து வந்தன. அவற்றுக்கு வழிகாட்டியது மணமா? அந்துருண்டையின் கடும் நெடியைப் பரப்பியபோதும் அவை வழி தவறவில்லை. எனவே மணம் காரணமன்று என்றே ஃபாபர் எண்ணினார்.

பின்னர், ஓக் மரத்தின் பெயரால் வழங்கும் மற்றோர் அந்துப்பூச்சியின் கூடு அவருக்குக் கிடைத்தது. அவ்வினத்தின் ஆண் பூச்சி பகலில் பறப்பது. கோடையின் இறுதியில், ஆகஸ்ட் மாதத்தில், கூட்டிலிருந்து பெண் பூச்சி வெளிவந்தது. சில நாள்களில், வெயில் காயும் பிற்பகல் வேளையில், ஏறத்தாழ 60 ஆண் பூச்சிகள் வந்து குவிந்தன. அவ்வட்டாரத்தில் அவர் அதுவரை கண்டிராத பூச்சிகள் அவை!

ஆயினும் அவரே ஒரு பிழை செய்தார். சிறிய கும்பிடுபூச்சி ஒன்றை அதே கூண்டில் விட்டுவிட்டார். அது அந்துப்பூச்சியைத் தின்றுவிட்டது. ஆராய்ச்சி நின்றது. மற்றொரு கூடு கிடைக்க அவர் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்.

இம்முறை பெண் பூச்சியைச் சில மணி நேரம் காய்ந்த இலைகளுடைய ஓக் கிளையில் அமரச் செய்தார். பிறகு அதனைக் கம்பிவலை மூடிக்குள் விட்டு அறையின் நடுவே வைத்தார். கிளையைச் சன்னலருகே ஒரு நாற்காலியில் இட்டார். ஆண் பூச்சிகள் வந்தன. கண்ணில் படும்படி இருந்த பெண் பூச்சியை நாடாமல், வெறுங்கிளையை மொய்த்தன. பூச்சி விட்டுச்சென்ற, மனித மூக்கு உணராத மணமே அவற்றை ஈர்த்தது. தாம் முன்பு கொண்ட கருத்து தவறு என்பதை ஃபாபர் உணர்ந்தார். அதனை மறைக்காமல் தம் நூலில் எழுதினார்.

பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1915ஆம் ஆண்டு தமது 91ஆம் வயதில் அவர் மறைந்தார். 1959ஆம் ஆண்டு செருமானிய அறிவியலறிஞர்கள் பல இலட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அத்தகைய மணப்பொருளைப் பிரித்தெடுத்தனர். நாற்காலியில் கிடந்த காய்ந்த கிளை காட்டிய உண்மை அன்று வேதியியலாலும் உறுதியாயிற்று.

சொற்பொருள்
தரிசு – பயிர் செய்யப்படாத நிலம்
நெடி – மூக்கைத் துளைக்கும் மணம்
மொய்த்தல் – கூட்டமாகச் சூழ்தல்

சிந்தித்து எழுதுக
1. ஆண் பூச்சிகள் பெண் பூச்சியை விடுத்துக் கிளையை நாடியது ஏன்?
2. ஃபாபர் தம் பிழைகளை எவ்வாறு எதிர்கொண்டார்?