கொரியன் அலைக்கு முன்பே கடல் தாண்டிய கோவில்பட்டி ஓவியம்: யார் இந்த கொண்டைய ராஜு?

கே-டிராமா, அனிமேன்னு ஆசியப் படைப்புகள் இன்னைக்கு உலகத்தையே சுத்தி வருது. ஆனா இன்டர்நெட் வாசனையே இல்லாத காலத்துல, கோவில்பட்டியில் வரைந்த படங்கள் பசுவந்தனை வீட்டு பூஜையறையிலும் தொங்கின, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தமிழர் வீடுகளிலும் தொங்கின. அந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்தவர் சி. கொண்டைய ராஜு.

1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் வரையப் போனார். ஊர் ஊராகச் சுற்றிய அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, ராஜுவும் அங்கேயே தங்கிவிட்டார். கரிசல் மண்ணுக்கு அடித்த அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்!

பக்கத்திலேயே சிவகாசி. அங்கே அச்சுத்தொழில் சூடுபிடித்த நேரம் அது. ஜவுளிக்கடையோ நகைக்கடையோ, வருஷம் பிறந்தா வாடிக்கையாளருக்கு சாமி காலண்டர் கொடுத்தாகணும். அதுக்குப் படம் வேணும். ராஜுவும் அவருடைய சீடர்களும் மீனாட்சி கல்யாணம், முருகன், லட்சுமி என்று வரைந்து தள்ளினார்கள்.

அந்தப் படங்களை உத்துப் பார்த்தா நாடகமேடை தெரியும். பின்னால் தூண், மண்டபம், மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை. முன்னால் நம்மையே நேராகப் பார்க்கும் சாமி. சீன் வரைந்த கை, காலண்டருக்கும் அதையேதான் செய்தது. கோயிலுக்குப் போக முடியாதவங்களுக்கு அந்தப் பார்வைதான் தரிசனம். கப்பல் ஏறிப் போனவங்க பெட்டியிலும் சுருட்டி வைக்கத் தோதான சாமி, காகிதச் சாமிதான்.

சிக்கல் என்னன்னா, காலண்டர்ல கடை பேரு பெருசா இருக்கும். வரைந்தவர் பேரு மூலையில, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. கொரியாவுல ஒரு பாட்டு ஹிட்டானா பாடினவங்க பேரு உலகத்துக்கே மனப்பாடம். இங்கே படத்துக்கு தினமும் சூடம் காட்டினவங்களுக்குக்கூட ஓவியர் யாருன்னு தெரியாது. சாமி படத்துல மனுஷன் பேரை யார் தேடுவாங்க?

கல்யாணம் செய்துகொள்ளாத ராஜுவுக்கு சீடர்கள்தான் குடும்பம். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் போன்றவர்கள் அதே பாணியைத் தொடர்ந்தார்கள். 1976-ல் ராஜு காலமானார். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் இவரைப் பற்றி விரிவாக எழுதினார்.

உங்க வீட்டுல தாத்தா காலத்து ஃபிரேம் போட்ட சாமி படம் இருந்தா, கண்ணாடியைத் துடைச்சுட்டு கீழ் மூலையைப் பாருங்க. அந்தப் பேரு இருக்கலாம்.