ஆபிரகாம்-லூயி பிரெகே

ஆபிரகாம்-லூயி பிரெகே (ஜனவரி 10, 1747 – செப்டம்பர் 17, 1823) பாரிசு நகரில் வாழ்ந்து புகழ்பெற்ற கடிகார வல்லுநர் ஆவார். டூர்பியோன் என்னும் அமைப்பைக் கண்டுபிடித்தவர். தானாக முறுக்கேறும் கடிகாரத்தைப் பயன்பாட்டுக்கு ஏற்றவாறு மேம்படுத்தியவர். இவர் உயிருடன் இருந்தபோதே இவரது பெயரில் போலிக் கடிகாரங்கள் விற்கப்பட்டன. அவற்றுக்கு எதிராக இவர் கையாண்ட இரகசியக் கையொப்பமும், இவரது நிறுவனம் பேணிவந்த பதிவேடுகளும், பழைய தங்கக் கடிகாரம் ஒன்று உண்மையானதா என்பதை ஆராய்வோருக்கு இன்றும் அடிப்படைச் சான்றுகளாக உள்ளன.

இளமை

பிரெகே, அக்காலத்தில் பிரஷ்ய மன்னரின் ஆளுகையில் இருந்ததும் இன்று சுவிட்சர்லாந்தில் உள்ளதுமான நியூசாட்டெல் நகரில் புரொட்டஸ்தாந்து குடும்பமொன்றில் பிறந்தார். 1758இல் தந்தை இறந்தார். கடிகார வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் தாத்தே என்பவரைத் தாய் மறுமணம் செய்துகொண்டார். இதன் வழியாகவே பிரெகே இத்தொழிலுக்குள் வந்தார். 1762இல் வெர்சாய் நகருக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டார். பாரிசின் மசரேன் கல்லூரியில் மாலை வகுப்புகளில் கணிதமும் பயின்றார். 1775இல் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டு பாரிசில் சீன் ஆற்றங்கரையில் தமது தொழிற்கூடத்தைத் தொடங்கினார்.

புரட்சிக் காலம்

மன்னர் பதினாறாம் லூயியும் அரசி மரீ அந்துவனெத்தும் இவரது வாடிக்கையாளர்களாக இருந்தனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது இத்தொடர்பு ஆபத்தாக முடியக்கூடும் என்பதால் 1793இல் குடும்பத்துடன் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். 1795இல் பாரிசுக்குத் திரும்பித் தொழிலை மீண்டும் கட்டியெழுப்பினார். விலையின் கால் பகுதியை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு செய்துகொடுக்கும் ஒற்றை முள் கடிகாரங்களை அறிமுகப்படுத்தினார். எளிய அமைப்புடைய இக்கடிகாரங்கள் ஏறத்தாழ 700 செய்யப்பட்டன.

கண்டுபிடிப்புகள்

* 1780: தானாக முறுக்கேறும் கடிகாரம். அணிபவரின் அசைவால் உள்ளே ஆடும் எடை சுருள்வில்லை முறுக்குகிறது.
* 1783: மணியொலிக் கடிகாரங்களில் மணிக்கு மாற்றாக வளைந்த கம்பிச்சுருள். இதனால் கடிகாரத்தின் தடிமன் குறைந்தது.
* 1790: கடிகாரம் கீழே விழும்போது அச்சு முறியாமல் காக்கும் அமைப்பு.
* 1795: மயிரிழைச் சுருளின் வெளி முனையை மேல்நோக்கி வளைத்து அமைக்கும் முறை.
* 1801: டூர்பியோனுக்குக் காப்புரிமை. அலைவுச் சக்கரத்தைச் சுழலும் கூண்டுக்குள் அமைப்பதன் மூலம், புவியீர்ப்பினால் ஏற்படும் பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்கின்றன.

நொடியளவுக் கடிகாரத்தின் தொடக்க வரலாற்றிலும் இவருக்குப் பங்குண்டு. 1820இல் இரண்டு நொடிமுட்கள் கொண்ட கடிகாரத்தை உருவாக்கினார். இவருடைய மாணவரான ஃபாத்தோன், மையால் குறியிடும் குரோனோகிராஃப் ஒன்றுக்கு 1822இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இவருடன் பணியாற்றிய லூயி முவானே 1816இல் நிறைவு செய்த கருவியே குரோனோகிராஃப் வகையில் முதலாவது என்பது 2013இல்தான் தெரியவந்தது. அதன் காலத்தை உறுதிசெய்ய உதவியவற்றுள் உறையில் இடப்பட்டிருந்த முத்திரைகளும் அடங்கும்.

போலிகளும் இரகசியக் கையொப்பமும்

பிரெகேயின் புகழ் பரவியபோது, பிற தொழிற்கூடங்களில் செய்யப்பட்ட கடிகாரங்கள் இவரது பெயர் பொறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியோர் பணத்தை இழந்தனர். அவை பழுதானபோது கெட்டது பிரெகேயின் பெயர். முகப்பில் பெரிதாக எழுதப்பட்ட பெயரை யாரும் எழுதிவிடலாம் என்பதால், ஏறத்தாழ 1795 முதல் இரகசியக் கையொப்பத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். பாண்டோகிராஃப் என்னும் படியெடுக்கும் கருவியின் துணையுடன் பெயரும் கடிகார எண்ணும் முகப்பில் மிக மெல்லிய கீறலாகப் பொறிக்கப்பட்டன. எனாமல் முகப்பில் பெரும்பாலும் 12 என்னும் எண்ணுக்குக் கீழே இது அமைந்திருக்கும். நேராகப் பார்த்தால் புலப்படாது. ஒளி சாய்வாக விழும்போது மட்டுமே தெரியும்.

பதிவேடுகள்

கையொப்பத்தைவிட வலுவான சான்று பதிவேடு ஆகும். ஒவ்வொரு கடிகாரத்தின் எண், அமைப்பு, விலை, வாங்கியவர் பெயர், விற்ற நாள் ஆகியன விற்பனைப் பேரேட்டில் எழுதப்பட்டன. பழுதுபார்ப்புக்குத் தனிப் பேரேடு இருந்தது. எனவே ஒரு கடிகாரத்தை ஆராய்பவர், அதன் இயந்திரத்திலும் மேலுறையிலும் உள்ள எண்களையும் அதன் அமைப்பையும் பேரேட்டுக் குறிப்புடன் ஒப்பிடலாம்.

தங்கம் உண்மையானது என்பதால் கடிகாரமும் உண்மையானது என்று கொள்ள முடியாது. இந்தியாவில் நகைகளில் காணப்படும் ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கே சான்று. நகையைச் செய்தவரின் கைத்திறனுக்கு அன்று. கடிகார உறைக்கும் இது பொருந்தும். போலி செய்பவரும் நல்ல தங்கத்தைப் பயன்படுத்தலாம். தங்கத்தின் விலைக்காக உறை உருக்கப்பட்டு, இயந்திரம் வேறோர் உறைக்குள் வைக்கப்பட்டிருக்கலாம். எனினும் முத்திரைகள் காலத்தைக் கணிக்க உதவும். பிரான்சில் கழுகுத் தலை முத்திரை 1838இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1810இல் விற்றதாகக் கூறப்படும் கடிகாரத்தில் அது காணப்பட்டால், உறை பிற்காலத்தது அல்லது பிற்காலத்தில் மீண்டும் முத்திரையிடப்பட்டது என்று பொருள்.

பதிவேட்டின் மதிப்பை இரு கடிகாரங்கள் காட்டுகின்றன.

நேப்பிள்ஸ் அரசியின் கைக்கடிகாரம்: நெப்போலியனின் தங்கை கரோலின் மூரா 1810இல் கேட்டுக்கொண்டபடி செய்யப்பட்ட 2639 எண்ணுள்ள கடிகாரம் 1812இல் நிறைவுற்றது. நீள்வட்ட வடிவமுடைய இது, தலைமயிரும் தங்க இழையும் சேர்த்துப் பின்னிய பட்டையால் மணிக்கட்டில் அணியப்பட்டது. அறியப்பட்ட முதல் கைக்கடிகாரங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. 1849இலும் 1855இலும் பழுதுபார்க்கப்பட்டதற்குப் பேரேட்டில் குறிப்பு உண்டு. ஆனால் கடிகாரம் இதுவரை கிடைக்கவில்லை. நாளை ஒருவர் இதைக் கொண்டுவந்தால், அவருடைய கூற்றைச் சோதிக்க அக்குறிப்புகளே உரைகல்லாகும்.

மரீ அந்துவனெத் கடிகாரம்: 160 என்னும் எண் கொண்ட தங்கக் கடிகாரத்தைச் செய்யும்படி 1783இல் பிரெகேயிடம் கேட்கப்பட்டது. அரசி 1793இல் கொல்லப்பட்டார். பிரெகேயும் இறந்தபின் 1827இல்தான் அது நிறைவுற்றது. எருசலேமின் எல். ஏ. மேயர் அருங்காட்சியகத்திலிருந்து 1983இல் திருடப்பட்டு, 2007இல் மீட்கப்பட்ட செய்தி வெளியானது. அது காணாமற்போயிருந்த காலத்தில், ஆவணங்களையும் வரைபடங்களையும் கொண்டு பிரெகே நிறுவனம் அதன் மறுபடைப்பை உருவாக்கி 2008இல் வெளியிட்டது. மூலத்துடன் குழப்பிக்கொள்ளாதிருக்க அதற்கு 1160 என்னும் வேறு எண் இடப்பட்டது.

இறுதிக்காலம்

1814இல் தீர்க்கரேகை ஆய்வுக் கழகத்தில் உறுப்பினரானார். 1815இல் பிரெஞ்சுக் கடற்படையின் கடிகார வல்லுநராக நியமிக்கப்பட்டார். 1816இல் அறிவியல் அகாதமியில் சேர்க்கப்பட்டார். 1823இல் பாரிசில் காலமானார். அந்நகரின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலம்

மகன் அந்துவான்-லூயியும், பின்னர் பேரன் லூயி-பிரான்சுவா-கிளெமெனும் தொழிலை நடத்தினர். 1870இல் நிறுவனம் எட்வர்டு பிரவுன் என்பவர் கைக்கு மாறியது. 1999இல் சுவாட்ச் குழுமம் அதனை வாங்கியது. உரிமையாளர்கள் மாறியபோதும் பதிவேடுகள் அழியாமல் காக்கப்பட்டன. அவை இன்று பாரிசில் நிறுவனத்தின் காப்பகத்தில் உள்ளன.