மலைநாட்டுப் பாட்டைச் செவிமடுத்த மாணாக்கர்
சி. வி. வேலுப்பிள்ளை வாழ்வு

மாணவப் பருவத்தில் உள்ளத்தில் முளைக்கும் விருப்பங்கள் பல. ஒருவன் பாட்டை விரும்புவான். ஒருவன் நாடகத்தை நாடுவான். ஒருவன் பிறந்த ஊரின் பழங்கதைகளைத் தேடித் திரிவான். பரீட்சைக்கு உதவாதவை என்று பெற்றோர் அவற்றைத் தள்ளுவர். ஊருக்கு உதவாதவை என்று பொதுப்பணி செய்வோரும் அவற்றைப் பொருட்படுத்தார். ஆயினும், ஒருவருடைய சொந்த விருப்பமே அவர் பிறந்த சமூகத்துக்குக் கருவூலமாய் அமைந்த வரலாறு நம் மலைநாட்டில் உண்டு. கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் அவ்வரலாற்றை எம் பழைய மாணவர்க்கு நினைவூட்ட விழைகின்றோம்.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி, வட்டகொடையை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தார்கள். அவர்களுடையது கங்காணி மரபைச் சேர்ந்த குடும்பம். அக்காலத்துத் தோட்டங்களில் லயத்துப் பிள்ளை ஒன்று சில வகுப்புக்களைக் கடந்தால் அதுவே பெரிது. விரல்கள் கொழுந்தெடுக்கப் பழகியதும் பெயர் செக்ரோலில் ஏறிவிடும். குடும்ப நிலையால் வேலுப்பிள்ளை அவர்களுக்கு அவ்விதி நேரவில்லை. எனினும், பிரட்டுக்களத்துத் தப்பொலியும், கொழுந்து மலையிலிருந்து மிதந்து வரும் பாட்டும், இரவில் லயத்து வாயிலில் எழும் ஒப்பாரியும் அவர்கள் செவிக்கு எட்டாமல் இல்லை. அவர்கள் கற்ற முதற் பாடம் அதுவே என்று கொள்ளலாம்.

பின்னர் கொழும்புக்குச் சென்று நாலந்தா வித்தியாலயத்திற் பயின்றார்கள். பௌத்தப் பெரியோர் நிறுவிய அக்கல்லூரியில், தேயிலைத் தோட்டத்திலிருந்து போன தமிழ் மாணவர் ஒருவருக்கு ஆங்கில இலக்கியத்தின் வாயில் திறந்தது. கவிதையிலும் நாடகத்திலும் அவர்கள் மனம் ஈடுபட்டது. 1934ஆம் ஆண்டு மகாகவி இரவீந்திரநாத தாகூர் இலங்கைக்கு எழுந்தருளியபோது, தாம் ஆங்கிலத்தில் இயற்றிய விஸ்மாஜினி என்னும் நாடகத்தை அவர்தம் கையிற் கொடுத்து ஆசி பெற்றார்கள். நோபெல் பரிசு பெற்ற உலகக் கவிஞரின் முன் தம் ஏட்டை நீட்டி நின்ற அவ்விளைஞருக்கு அப்போது இருபது வயதும் நிரம்பவில்லை. அந்நாளில் அவர்களைக் கண்டோர், இவர் ஆங்கிலப் புலவராகித் தலைநகரிலேயே தங்கிவிடுவார் என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் அவர்கள் தோட்டத்தை மறந்தார்கள் அல்லர். 1939ஆம் ஆண்டு இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிய பின்னர், மலைநாட்டுத் தொழிலாளரிடையே புதியதோர் எழுச்சி பரவியது. வேலுப்பிள்ளை அவர்களும் அவ்வியக்கத்திற் சேர்ந்து உழைத்தார்கள். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி வைத்தார்கள். அதே தேர்தலில் எங்கள் கந்தப்பளையை உள்ளடக்கிய நுவரெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் தெரிவானார்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்கையும் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது, வேலுப்பிள்ளை அவர்களைத் தெரிவு செய்த மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை. அவ்வாண்டு கொழும்பில் நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தில் அவர்களும் பங்குகொண்டார்கள். மன்றத்தில் இருந்த ஆசனம் போயிற்று. பேசுவதற்கு மேடையும் சுருங்கிற்று. இந்நிலையில் ஒருவர் என்ன செய்வார்? மனமுடைந்து ஒதுங்குதலும் உண்டு. வேறு வாழ்வு தேடிப் போதலும் உண்டு. அவர்களோ மாணவப் பருவத்தில் தாம் விரும்பிக் கற்ற கவிதையையே கையில் எடுத்தார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நெடும் பாடல் 1950களில் நூலாக வெளிவந்தது. காடழித்து மலை திருத்தி, பெயரும் அடையாளமுமின்றித் தேயிலை மண்ணுக்குள் அடங்கிய முன்னோரை அது உலகுக்கு அறிமுகப்படுத்தியது. தேநீர் அருந்துவோர் பேசும் மொழியிலேயே அத்தேநீரின் கதையை அவர்கள் சொன்னார்கள். பின்னாளிற் சக்தி பால ஐயா அதனைத் தேயிலைத் தோட்டத்திலே என்னும் பெயரில் தமிழாக்கினார். லயத்து மக்கள் தம் கதையைத் தம் மொழியிற் படிக்க அதனால் வழி பிறந்தது.

எனினும், எம் கருத்தில் அவர்களுடைய பணிகளுள் தலைசிறந்தது வேறொன்று. தோட்டம் தோட்டமாகச் சென்ற காலமெல்லாம் அவர்கள் பாட்டுக்களைச் சேகரித்தார்கள். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து மலையிற் பெண்கள் பாடும் பாட்டு, கங்காணியையும் துரையையும் எள்ளும் பாட்டு ஆகியவற்றை மக்கள் வாய்மொழியாகவே கேட்டெழுதினார்கள். அவை 1980களின் தொடக்கத்தில் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் தொகுப்பாகத் தமிழகத்தில் வெளிவந்தன.

இத்தொகுப்பின் அருமையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோப்பிக் காலந்தொட்டு இம்மலைகளில் உழைத்த மக்களைப் பற்றித் தோட்டக் கணக்கேடுகள் உண்டு. அவற்றில் பெயரும் இலக்கமும் கடனும் இருக்கும். அம்மக்கள் என்ன நினைத்தார்கள், எதற்கு அழுதார்கள், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பன அங்கே இல்லை. எழுத்தறியாதோர் தம் வரலாற்றைப் பாட்டிலேயே எழுதி வைத்தார்கள். பாடுவோர் மறைந்தால் அவ்வேடும் மறையும். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. பின்வந்த ஆண்டுகளில் எத்தனையோ பாட்டிமார் இரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அவர்களோடு கப்பலேறிப் போன பாட்டுக்கள் எத்தனை என்று யார் கணக்கிடுவார்? தாம் கேட்டவற்றையாவது அழியாமற் காத்தவர் வேலுப்பிள்ளை அவர்கள்.

தொழிற்சங்கப் பணியையும் அவர்கள் கைவிடவில்லை. பிற்காலத்தில் வி. கே. வெள்ளையன் அவர்கள் நிறுவிய தொழிலாளர் தேசிய சங்கத்தோடு இணைந்து பணியாற்றினார்கள். வீடற்றவன் என்னும் நாவலில், சங்கம் அமைக்கத் துணிந்த தொழிலாளி வேலையோடு குடியிருக்கும் இடத்தையும் இழந்து அலையும் நிலையைக் காட்டினார்கள். 1970இல் உழைக்கப் பிறந்தோரின் வாழ்வை ஆங்கில நூலொன்றிற் சித்திரித்தார்கள். இனிப் படமாட்டேன் என்னும் நாவலும் அவர்கள் எழுதியதே. 1984ஆம் ஆண்டு நவம்பர் மாதம், எழுபதாவது வயதில் அவர்கள் மறைந்தார்கள். நாடற்றோர் சிக்கலை முடிக்க 2003ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டதைக் காண அவர்கள் இருக்கவில்லை.

இவ்வரலாற்றை எழுதும் எமக்கு ஒரு குற்ற உணர்வும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. கந்தப்பளையிற் சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், தன் அப்பாயி பாடிய பாட்டுக்களைக் கட்டுரைக் கொப்பியின் பின்பக்கங்களில் எழுதி வைத்திருந்தான். பேச்சு வழக்குச் சொற்கள் நிறைந்த அப்பக்கங்களைக் கண்ட நாம், சிவப்பு மையாற் கோடிட்டுத் திருத்தி, பாடத்தைக் கவனிக்குமாறு சொல்லிக் கொடுத்துவிட்டோம். பயிற்சிக் கலாசாலையிற் கற்ற இலக்கணம் எம் கண்ணை அவ்வாறு மறைத்தது. பின்னர் வேலுப்பிள்ளை அவர்களின் தொகுப்பைப் படித்தபோதுதான் செய்த பிழை விளங்கிற்று. மாணவனை அழைத்துக் கேட்டோம். கொப்பியைக் கிழித்துவிட்டான். அப்பாயியும் அதற்குள் காலமாகிவிட்டார். அந்தப் பாட்டுக்கள் இனிக் கிடையா.

ஆதலின், எம் கல்லூரியின் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்களிற் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் உயர்ந்த பதவிகளில் இருக்கின்றீர்கள். உங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் பார்க், கோட்லோஜ், கொன்கோடியா முதலிய மலைகளிற் கொழுந்தெடுத்தவர்களாக இருக்கலாம். விடுமுறைக்கு வரும்போது அவர்களருகில் ஒரு நாழிகை அமர்ந்து, அவர்கள் பாடுவதைக் கேட்டு எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். சொற்களைத் திருத்த வேண்டா. பாடியவர் பெயரையும் தோட்டத்தையும் மறவாது குறியுங்கள்.

இன்று பயிலும் மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். உங்கள் மனம் விரும்பும் கலை எதுவாயினும் அதனைக் கைவிடாதீர்கள். அதனை உங்கள் லயத்து வாயிலுக்கும் ஒருமுறை எடுத்துச் செல்லுங்கள். தாகூர் முன் நின்ற இளைஞர் செய்தது அதுவே. அவர்கள் நாட்டிய அவ்வழக்கம் இம்மலைகளில் என்றும் தழைப்பதாக.