பூட்டைத் திறந்த கணித ஆசிரியர்

நூலகவியல் படிக்கும் எவரும் முதல் வாரத்திலேயே எஸ். ஆர். ரங்கநாதன் என்ற பெயரைக் கேட்டுவிடுவார். அவருடைய ஐந்து விதிகளை மனனம் செய்து, பரீட்சைத் தாளில் இறக்கி வைத்துவிட்டு, அத்தோடு அவரை விட்டுவிடுவதுதான் பெரும்பாலானோர் வழக்கம். இக்கல்லூரியில் படித்து வெளியேறி, துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிறு பொது நூலகத்தில் இன்று வேலை பார்க்கும் எனக்கு அவரை அப்படி விட்டுவிட முடியவில்லை. கிழமைக்கு ஒருமுறையாவது அவரோடு மனதுக்குள் வழக்காட வேண்டியிருக்கிறது. ஆகவே தங்கைமார் கையில் எடுக்கும் இம்மலருக்கு அவருடைய வாழ்க்கையையே எழுதுகிறேன்.

சோழ நாட்டுச் சீர்காழியில் 1892 ஆகஸ்ட் மாதம் பிறந்தவர் ரங்கநாதன். தந்தையார் ராமாமிர்த ஐயர், தாயார் சீதாலட்சுமி. ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சிறுவயதில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. பேச்சு தடைப்படும் பிள்ளையை ஆசிரியராக யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். ஆனால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் பி.ஏ., எம்.ஏ. பட்டங்கள் பெற்று, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பயின்று, 1917இல் மங்களூரில் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். பிறகு கோயம்புத்தூர், அதன் பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. கணக்கைத் தானே செய்து காட்டாமல், மாணவர்களையே நூல்களிடம் அனுப்பித் தேடச் செய்வதை அவர் விரும்பினார். பின்னாளில் அவர் செய்தவற்றின் வேர் அந்த வகுப்பறையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் நூலகராக நியமித்தது. அப்பதவிக்கு ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை, ரங்கநாதனும் பெற்றிருக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கு முன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையை அவசரமாக வாசித்துக்கொண்டு போனதுதான் அவருடைய ஆயத்தம். வேலை கிடைத்தது, ஆனால் மனம் ஒட்டவில்லை. வகுப்பறையின் இரைச்சலில் வாழ்ந்தவருக்கு, வாசகர் வராத அந்த மண்டபத்தின் அமைதி தாங்க முடியாததாக இருந்தது. சில நாட்களிலேயே பழைய வேலையைத் திருப்பித் தரும்படி கேட்டுப் போனார். முதலில் இலண்டன் சென்று நூலகத் தொழிலைப் படித்து வரட்டும், அப்போதும் சலிப்பு நீங்காவிட்டால் ஆசிரியப் பணிக்கே திரும்பலாம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள்.

இலண்டனில் அவருக்கு வாய்த்த ஆசான் குறொய்டன் நகர நூலகத்தின் தலைவர் பேர்விக் செயர்ஸ். பல்கலைக்கழக வகுப்பைவிட ரங்கநாதனைக் கவர்ந்தவை அந்நாட்டின் பொது நூலகங்களே. நூற்றுக்கும் அதிகமானவற்றைப் போய்ப் பார்த்தார். தொழிலாளர், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் தட்டுகளுக்கிடையே நடமாடித் தாமே நூலை எடுப்பதைக் கண்டார். இந்தியாவிலோ நூல்கள் அலுமாரிக்குள், திறப்பு ஒருவர் மடியில். நூலகம் என்பது நூல்களைக் காவல் காக்கும் கிட்டங்கி அல்ல என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குள் ஊன்றியது.

அங்கு இன்னொன்றும் நடந்தது. ஒரு பெரிய கடையின் விளையாட்டுப் பொருட் பகுதியில் மெக்கானோ என்ற பொம்மைத் தொகுதியைப் பார்த்தார். சில உலோகப் பட்டிகள், சில திருகாணிகள். சேர்க்கும் விதத்தை மாற்றினால் வண்டி, பாலம், பாரந்தூக்கி எது வேண்டுமானாலும் செய்யலாம். நூல்களை வகுப்பதையும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது? அமெரிக்கரான டூயி உலக அறிவை முன்கூட்டியே பத்துப் பெட்டிகளாகப் பிரித்து வைத்தார். நமது நாட்டு நூலகங்களில் நாங்கள் பயன்படுத்துவது அதைத்தான். ரங்கநாதனின் முறையில் பெட்டிகள் இல்லை, துண்டுகள்தான் உண்டு. கொட்டியாரக் குடாவில் கடந்த நூற்றாண்டில் இருந்த மீன்பிடி வலைகள் பற்றி ஒருவர் நூல் எழுதினால், தொழில், கருவி, இடம், காலம் ஆகிய துண்டுகளை முக்காற்புள்ளியால் இணைத்து அந்த நூலுக்கே உரிய எண்ணைக் கட்டிக்கொள்ளலாம். 1933இல் இம்முறை நூலாக வெளிவந்தது. அறிவாளிகள் வியந்தார்கள். வேலை செய்யும் நூலகர்களில் பலர் மிரண்டார்கள். எண்கள் நீளமானவை, நூலின் முதுகில் எழுத இடம் போதாது. இவ்விடயத்தில் என் கட்சி மிரண்டவர்களுடையது.

1925இல் ஊர் திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை. அடுத்த இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகம்தான் அவருடைய வீடு. தட்டுகளைத் திறந்துவிட்டார். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். வருகின்ற வாசகருக்கு அருகிலிருந்து உதவுவதற்கென்றே ஆட்களை அமர்த்தினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். 1929இல் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம், கிழமையில் ஏழு நாளும், லீவு எடுக்காமல் உழைத்தார் என்று எழுதுகிறார்கள். 1928இல் முதல் மனைவி ருக்மிணி விபத்தொன்றில் இறந்தார். பின்னர் சாரதாவை மணந்தபோது, திருமணச் சடங்கு முடிந்த அன்று பிற்பகலே வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். அதைப் பெருமையென்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அன்று பிற்பகல் சாரதா என்ன நினைத்திருப்பார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அவருடைய ஐந்து விதிகள் 1928இல் சிதம்பரத்தில் முதன்முதலாக உரையாக வழங்கப்பட்டு 1931இல் நூலாயின. சுருக்கமாகச் சொன்னால், நூல் பயன்படுவதற்கே உரியது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் தன் வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். பார்க்க மிகச் சாதாரணம். ஆனால் இரண்டாவது விதியை விளக்கும் அதிகாரத்தை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். நூல் மறுக்கப்பட்டவர்கள் யார் யார் என்று வரிசையாகக் கணக்கெடுக்கிறார். ஏழைகள், பெண்கள், கிராமத்தவர், நோயாளிகள், பார்வையற்றோர், கைதிகள், கடலில் இருப்பவர்கள். சுமார் நூறு வருடத்துக்கு முன், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு கணித ஆசிரியர், பெண்களுக்கு நூல் மறுக்கப்பட்டதை ஒரு வழக்காகவே எடுத்து வாதாடியிருக்கிறார். கல்வி தேடுவதை ஆண், பெண் இருபாலார் மீதும் கடமையாக்கிய மார்க்கம் நம்முடையது. ஆயினும் நம் மூத்தம்மாமாரில் எத்தனை பேரின் கையில் குர்ஆனைத் தவிர வேறொரு நூல் இருந்தது?

எனக்கும் அவருக்கும் வழக்கு தொடங்குவது இங்கேதான். நான் பொறுப்பேற்றபோது எங்கள் நூலகத்தின் நல்ல நூல்கள் எல்லாம் கண்ணாடி அலுமாரிகளில் பூட்டிக் கிடந்தன. பூட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருடாந்தக் கணக்கெடுப்பில் ஒரு நூல் குறைந்தால் பொறுப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். சில வேளை சம்பளத்திலிருந்தே கட்டவும் வேண்டும். திறந்த தட்டில் சில நூல்கள் தொலையத்தான் செய்யும், அதற்குப் பயந்து எல்லா நூல்களையும் வாசகரிடமிருந்து தொலைத்துவிடலாகாது என்பது ரங்கநாதனின் பக்கம். பல்கலைக்கழகம் பின்னால் நின்றதால் அவருக்கு அப்படிச் சொல்ல முடிந்தது. எனக்குப் பின்னால் இருப்பது ஒரு கணக்குப் புத்தகம். இருந்தும் முதலில் சிறுவர் அலுமாரியைத் திறந்தேன், அடுத்து நாவல்கள். கடைசிக் கணக்கெடுப்பில் குறைந்தவை கைவிரல்களுக்குள் அடங்கின, அவற்றிலும் சில பின்னர் திரும்பி வந்தன. இப்பகுதியின் பழைய வரலாற்று நூல்கள் உள்ள அலுமாரி மட்டும் இன்னும் பூட்டியே இருக்கிறது. அவை தொலைந்தால் வேறு பிரதி வாங்க முடியாது. கேட்பவருக்கு நானே எடுத்துக் கொடுத்து, பக்கத்து மேசையில் வாசிக்கச் செய்கிறேன். ரங்கநாதன் இதற்கு உடன்பட்டிருப்பாரா என்று அடிக்கடி யோசிப்பதுண்டு.

நேரம் பற்றிய சிக்கல் அதைவிடப் பெரியது. பெண்பிள்ளைகள் பாடசாலை விட்டு, ரியூசன் முடிந்து வருவதற்குள் நூலகம் மூடுகிற நேரம் வந்துவிடுகிறது. மஃரிபுக்குப் பின் வெளியில் நிற்க வீட்டில் விட மாட்டார்கள். தாய்மார்களுக்கு ஓய்வு கிடைப்பது சமையல் முடிந்து ளுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் இடையில்தான். அதனால் கிழமையில் ஒரு நாள் அந்த நேரத்தைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினோம். முதலில் வந்தவர்கள் வாசிக்கவில்லை. பிள்ளையின் புலமைப்பரிசில் பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பித் தரக் கேட்டார்கள். நிரப்பிக் கொடுத்தோம். பிறகு தையல் புத்தகம், சமையற் புத்தகம். ஒரு நாள் ஒரு உம்மா, தான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தனக்கு வாசிக்கக்கூடிய கதை ஏதும் உண்டா என்று மெல்லக் கேட்டார். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுவர் கதையொன்றைக் கொடுத்தபோது, பேரப்பிள்ளைக்கு என்று பதிவேட்டில் எழுதும்படி சொன்னார். அப்படியே எழுதினேன்.

கடலில் இருப்பவர்களைப் பற்றி அவர் எழுதியதை வாசித்த பின்புதான் மீனவர் வாடிக்கு ஒரு பெட்டி நூல் அனுப்பும் யோசனை வந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் ஆண்கள் கரையில் வெறுமனே இருப்பார்கள். பெட்டியில் நான் தேர்ந்து வைத்த நாவல்களை யாரும் தொடவில்லை. பழைய பத்திரிகைகளும் இயந்திரம் திருத்தும் கையேடும் கிழிகிற அளவுக்கு வாசிக்கப்பட்டன. அடுத்த பெட்டியில் கையேடுகளைக் கூட்டி வைத்தோம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பதாகை கட்டிப் போட்டி நடத்துவதைவிட இந்தப் பெட்டி எனக்குத் திருப்தி தந்தது.

நூலை வாசகரிடம் கொண்டு போவதிலும் அவருடைய பெயர் முன்னால் நிற்கிறது. 1931 ஒக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் உருவாக்கிய மாட்டுவண்டி நூலகத்தை ரங்கநாதன் தொடக்கி வைத்தார். நெல் ஏற்றும் ஊர்களுக்கு வண்டியில் நூல் ஏறிப் போனது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை பாதைப் படகில் துறை கடந்த நம் ஊரவருக்கு, நூல் தானாக நடந்து வராது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தனிமனிதரின் நல்லெண்ணத்தால் நூலகம் நிலைக்காது, சட்டமும் நிரந்தர வருமானமும் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பல ஆண்டுகள் சட்ட வரைவுகளைத் தயாரித்துக்கொண்டே இருந்தார். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் அத்தகைய சட்டத்துக்குச் சுதந்திரத்தின் பின் அதுவே முன்மாதிரி. சொத்து வரியோடு சேர்த்துச் சிறு தொகை நூலக வரியாக அறவிடப்பட்டு, அது நூலகத்துக்கே செலவாகும். நம் நாட்டில் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கும் நூலகங்கள், தெருவிளக்கோடும் வடிகானோடும் வரவு செலவுத் திட்டத்தில் போட்டியிடுகின்றன. போட்டியில் யார் வெல்வார் என்று உங்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் 1945இல் சென்னையை விட்டு நீங்கி, காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பின்பு டில்லியிலும் பணியாற்றினார். சில ஆண்டுகள் சூரிச் நகரில் எழுத்து வேலை. 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி நிலையத்தை நிறுவினார்.

நம்மவர்களுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டிலேயே இரவல் நூலகமாகத் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டு வாடகை அறையொன்றுக்கு மாறி, பின்னர் நகர சபையின் பொறுப்பில் வளர்ந்தது. அதற்குப் பெரிய கட்டடம் ஒன்று எழுப்ப ஊரார் முனைந்தபோது, நூலக அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் ரங்கநாதன். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். 1959இல் அது திறக்கப்பட்டது. 1981 ஜூன் முதல் நாள் இரவு எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் கைப்பிரதிகளும் சாம்பலாயின. அதைக் கேட்க ரங்கநாதன் இருக்கவில்லை. அவர் 1972 செப்டெம்பர் 27ஆம் திகதி, எண்பதாவது வயதில், பெங்களூரில் காலமாகியிருந்தார்.

தம் வாழ்நாட் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயை 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்துவிட்டார். நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்துவதற்கான பணம் அது. ஒரு நூலகரின் சம்பளத்தில் ஒரு இலட்சம் மிச்சம் பிடிப்பதென்றால், இத்தொழிலில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று விளங்கும். வீட்டில் எத்தனை வேண்டாம்களைக் கடந்து அது சேர்ந்திருக்கும்! அந்தப் பதவிக்கு அவர் சூட்டிய பெயரில் தம்முடையதற்கு முன்னால் சாரதாவின் பெயர் இருக்கிறது.