இமாம் புகாரி (ரஹ்): விசாரித்தார்கள், தொழுதார்கள், எழுதினார்கள்

பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போதும், புதிதாகக் கடை எடுக்கும்போதும், இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுதுவிட்டு முடிவெடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் தொழுகையைத் தம் வாழ்நாள் பணியோடு சேர்த்துக்கொண்ட ஒரு மேதையின் வரலாறு இது.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் இயற்பெயர் முஹம்மது, தந்தையார் பெயர் இஸ்மாயீல். இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரில் ஹிஜ்ரி 194 ஷவ்வால் மாதம் (கி.பி. 810) பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையார் வஃபாத்தாகிவிட, தாயாரே வளர்த்தார். குழந்தையாக இருந்தபோது இமாம் அவர்களின் பார்வை போனதாகவும், தாயார் அழுதழுது கேட்ட துஆவுக்குப் பின் அது திரும்பியதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

16 வயதில் தாயாரோடும் அண்ணன் அஹ்மதோடும் ஹஜ்ஜுக்குப் போனார்கள். ஹஜ் முடிந்து மற்ற இருவரும் ஊர் திரும்பினர். இமாம் அவர்கள் கல்விக்காக அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு மதீனா, பஸ்ரா, கூஃபா, பக்தாத், ஷாம், எகிப்து என்று ஊர் ஊராகச் சென்று, ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்களிடம் ஹதீஸ் கேட்டார்கள்.

ஆதாரப்பூர்வமான ஹதீஸ்களை மட்டும் ஒரு நூலாகத் தொகுத்தால் நல்லது என்று, அவர்களின் ஆசிரியர் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) ஒரு சபையில் ஆசைப்பட்டார்கள். அந்தச் சொல் மாணவரின் மனத்தில் பதிந்தது. அதை நிறைவேற்ற 16 ஆண்டுகள் ஆயின. சுமார் 6 லட்சம் அறிவிப்புகளிலிருந்து எடுத்து எழுதியது, திரும்ப வருபவற்றையும் சேர்த்து, ஏழாயிரத்துச் சொச்சம்தான்.

ஒவ்வொரு அறிவிப்பாளரும் உண்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா, யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவரை நேரில் சந்தித்திருக்கிறாரா என்று முதலில் தீர விசாரிப்பார்கள். எல்லாம் சரியாக இருந்த பிறகும் உடனே எழுதிவிட மாட்டார்கள். குளித்து, இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடம் இஸ்திகாரா செய்து, மனம் உறுதியான பிறகே ஒரு ஹதீஸைப் பதிவு செய்வார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான். நம்மில் சிலர் எதையும் விசாரிக்காமல் தொழுதுவிட்டுக் கனவு வருமா என்று காத்திருக்கிறோம். வேறு சிலர் முடிவை எடுத்துவிட்டு, பெயருக்குத் தொழுகிறோம். இமாம் அவர்கள் தொழுகையைக் காட்டி உழைப்பைக் குறைக்கவில்லை. உழைத்துவிட்டோம் என்று தொழுகையை விடவும் இல்லை.

இஸ்திகாரா ஹதீஸும் அவர்களின் நூலிலேயே மூன்று இடங்களில் இருக்கிறது. குர்ஆனின் ஒரு சூராவைக் கற்றுத் தருவதுபோல நபி (ஸல்) அவர்கள் இதைத் தோழர்களுக்குக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். காரியம் நல்லதென்றால் எளிதாக்கவும், கெட்டதென்றால் விலக்கவும், நன்மை எங்கிருந்தாலும் அதைத் தந்து மனத்தைத் திருப்தியாக்கவும் கேட்கும் துஆ அது. கனவு வரும் என்று அதில் எங்கும் இல்லை.

வியாபாரம் செய்பவன் என்பதால் இன்னொரு நிகழ்ச்சியும் என் மனத்தை விட்டுப் போவதில்லை. ஒருமுறை இமாம் அவர்களுக்கு வந்த சரக்கை 5,000 திர்ஹம் லாபம் தந்து வாங்கிக்கொள்வதாக ஒரு மாலையில் சில வியாபாரிகள் கேட்டார்கள். மறுநாள் காலை வந்த வேறு சிலர் 10,000 தருவதாகச் சொன்னார்கள். முந்தின இரவே முதலில் வந்தவர்களுக்குக் கொடுப்பதாக நிய்யத் வைத்துவிட்டதால், இமாம் அவர்கள் அவர்களுக்கே விற்றார்கள். அந்த நிய்யத்தை வேறு யாரும் அறிந்திருக்கவில்லை. முடிவு செய்தபின் அவர்கள் தடுமாறவில்லை.

இப்படி வாழ்ந்தவரின் கடைசிக் காலம் சுகமாக இருந்ததா என்றால், இல்லை. நைஸாப்பூரில் எதிர்ப்பு கிளம்பியது. சொந்த ஊர் புகாராவில், மாளிகைக்கு வந்து தம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும்படி ஆளுநர் கேட்டார். கல்வியை அதிகாரத்தின் வாசலுக்குக் கொண்டுபோக இமாம் அவர்கள் மறுத்ததால், ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. சமர்கந்துக்கு அருகில் கர்தங்க் என்ற சிற்றூரில், ஹிஜ்ரி 256 (கி.பி. 870) நோன்புப் பெருநாள் இரவில், 62ஆம் வயதில் வஃபாத்தானார்கள்.

இஸ்திகாரா செய்தால் கஷ்டமே வராது என்று எண்ணுபவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. நாம் அல்லாஹ்விடம் கேட்பது நன்மையை. அது எப்போதும் சுகமாகவே வந்து சேரும் என்பதில்லை. விரட்டப்பட்டவரின் நூல்தான் இன்று உலகெங்கும் ஓதப்படுகிறது. காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ஒரு மாதம் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடப்பது நம் குடும்பங்களில் பலருக்கும் தெரியும்.

நம் சங்கம் 50 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இந்த வேளையில், பிள்ளைகளின் படிப்பு, நிக்காஹ், தொழில் என்று நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முடிவு காத்திருக்கிறது. நன்றாக விசாரிப்போம். பெரியவர்களிடம் மஷூரா கேட்போம். இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். பிறகு பின்வாங்காமல் நடப்போம். அதற்கு வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.