அரண்மனைக்கு முன்பே வந்த ஏரி

தேக்கடிக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? அந்த ஏரிக்கரையில், எடப்பாளையம் என்ற இடத்தில், பழைய அரண்மனை ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர்கள் கோடைக்காலத்தில் வந்து தங்கிய மாளிகை அது. இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. படகில்தான் அங்கே போக வேண்டும்.

அரண்மனையைச் சுற்றியுள்ள ஏரி இயற்கையாக உண்டானதல்ல. தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நிற்பதைப் பார்த்தாலே தெரியும், ஒரு காலத்தில் அது காடாக இருந்தது என்று. அணை கட்டி அந்த ஏரியை உருவாக்கியவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

அவர் பிறந்தது நம் நாட்டில்தான். 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனேயில் பிறந்தார். தந்தை படை அதிகாரி. 1849இல் சிலியன்வாலா என்ற இடத்தில் நடந்த போரில் அவர் உயிரிழந்தார். அப்போது பென்னிகுயிக்குக்கு வயது ஏழு. உங்களில் பலருடைய வயதுதான்!

தந்தையை இழந்த சிறுவன் படிப்பைக் கைவிடவில்லை. இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் என்ற ஊரில், ஒரு பெரிய மாளிகையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவக் கல்லூரி நடந்து வந்தது. அங்கே பொறியியல் கற்று, 1860இல் இந்தியா வந்தார்.

அந்தக் காலத்தில் மதுரை, ராமநாதபுரம் பக்கம் மழை பொய்த்தால் பஞ்சம்தான். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் எத்தனையோ பேர் பட்டினியால் மாண்டார்கள். மலைக்கு அந்தப் பக்கமோ, பெரியாறு பெருக்கெடுத்து ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்பது ராமநாதபுரம் சேதுபதி மன்னர் காலத்து யோசனை. அதைச் செய்து முடிக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

1887இல் வேலை தொடங்கியது. அடர்ந்த காடு, யானைக் கூட்டம், ஓயாத மழை. காலராவும் மலைக்காய்ச்சலும் தொழிலாளர்களை வாட்டின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கட்டிய தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மறுபடியும் கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் அணை எழும்பியது. சுர்க்கி என்பது செங்கல் பொடி. தண்ணீர் இந்தப் பக்கம் வருவதற்காக, மலையை ஒரு மைலுக்கும் அதிகமாகக் குடைந்தார்கள். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகைக்குத் தண்ணீர் பாய்ந்தது. வானம் பார்த்த பூமி நெல் வயலாயிற்று.

பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணை கட்டினார் என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அணைக்கான செலவைச் செய்தது சென்னை மாகாண அரசு. ஆனாலும் அப்படி ஒரு கதை பிறந்ததற்குக் காரணம், மக்கள் அவர்மேல் வைத்த அன்பு.

1896இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். தேம்ஸ் நதிக்கு மேலே கூப்பர்ஸ் ஹில் என்ற குன்றில் இருந்த மாளிகையில், இந்தியாவுக்கு வரும் பொறியாளர்களுக்காக ஒரு கல்லூரி நடந்தது. அதன் தலைவரானார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லி என்ற ஊரில் காலமானார். அருகிலுள்ள ஃப்ரிம்லி தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. 2022இல் தமிழக அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை வைத்தது.

இங்கே கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தேனிப் புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர்தான். அவர் பிறந்த நாளில் விவசாயிகள் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். பல வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் உண்டு.

அரண்மனையைப் பார்க்கப் பணம் கொடுத்துப் படகேறிப் போக வேண்டும். பென்னிகுயிக்கின் பெருமையைப் பார்க்கக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு வாய்க்கால் வரப்பில் நின்றாலே போதும். அடுத்த விடுமுறையில் நின்று பாருங்கள். அந்தத் தண்ணீருக்காக உயிரைக் கொடுத்த தொழிலாளர்களையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.